தாயின் பெயருக்கான கட்டம்

எழுதத் தெரியாத ஒருத்தி எழுத உட்கார்ந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் சாதாரண தரம், அதாவது பதினோராம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவள். தமிழ்ப் பாடத்தில் ஏதோ சித்தியடைந்தேன், அவ்வளவுதான். கட்டுரை எழுதச் சொன்னால் பக்கத்தை நிரப்புவதற்காக எழுத்தைப் பெரிதாக்குவேன். கோயிலில் வேதாகம வாசகம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிடுவார்களோ என்று பயந்து, பூசை தொடங்கின பிறகு பின்வரிசையில் போய் நிற்கிறவள். இப்படிப்பட்டவளிடம் எழுத்து வேலை தந்தது தந்தவர்களின் பிழை என்றுதான் சொல்லவேண்டும்.

எங்கள் கோயில் பெண்கள் சேர்ந்து ஒரு சிறு புத்தகம் போடுகிறார்கள். மொன்றியலுக்குப் புதிதாக வருகிற குடும்பங்களுக்கு உதவியாக ஆளுக்கொரு விஷயம் எழுதவேண்டும். எனக்குக் கிடைத்தது, நிரந்தர வதிவிடம் கிடைக்குமுன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது எப்படி என்பது. பெயர் போடத் தேவையில்லை என்று சொன்னதால் ஒத்துக்கொண்டேன். இதில் வருகிற பிள்ளையிடமும் கேட்டேன். "எழுதுங்கோவன். நான் தமிழ் வாசிக்கிறதில்லைதானே" என்றாள்.

கேட்ட விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பேப்பர் வராவிட்டாலும் பிள்ளையைச் சேர்ப்பார்கள். காசு கேட்கமாட்டார்கள். இது தெரியாமல் நாங்கள் வந்த புதிதில் மூன்று கிழமை பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தோம். பள்ளிக்கூட நேரத்தில் ஜன்னல் பக்கம் போகவேண்டாம், யாராவது கண்டால் பொலிசுக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள் என்று சொல்லி வைத்திருந்தோம். அப்படி எழுதிக் கொடுக்க அந்த ஒழுங்கையில் ஒருவரும் இருக்கவில்லை. எதிர்வீட்டிலும் எங்களைப் போல ஒரு குடும்பம்தான், அவர்களும் ஜன்னலைச் சாத்தித்தான் வைத்திருந்தார்கள். நீங்கள் அப்படிச் செய்யவேண்டாம். அகதிக் கோரிக்கைப் பேப்பர், வீட்டு வாடகைப் பத்திரம், தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்றிதழும் அதன் மொழிபெயர்ப்பும் கொண்டுபோங்கள். வகுப்புக்குள் போடுவதற்கு வேறு சப்பாத்து கேட்பார்கள். குளிருக்குப் போடும் காற்சட்டையிலும் கையுறையிலும் பிள்ளையின் பெயரை எழுதிவிடுங்கள். பிரெஞ்சு தெரியாத பிள்ளைகளுக்கு முதலில் தனி வகுப்பு இருக்கிறது, அதைப் பற்றிக் கவலைப்படவேண்டாம்.

கேட்டது இவ்வளவுதான். பிறப்புச் சான்றிதழைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். அது நீண்டுவிட்டது.

எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள். பெண்பிள்ளை மூத்தவள், வரும்போது ஒன்பது வயது. மகனுக்கு ஐந்து. மகன் நான் பெற்ற பிள்ளை. மூத்தவள் என் அக்காவின் பிள்ளை. எங்கள் ஊர் வழக்கத்தில் எனக்கு அவள் பெறாமகள். அக்கா நோய் வந்து இறந்தபோது அவளுக்கு ஒன்றரை வயது. செத்தவீடு முடிந்து எட்டாம் நாள் அவளைத் தூக்கிக்கொண்டு மன்னாரில் எங்கள் வீட்டுக்கு வந்தேன், பிறகு திருப்பிக் கொண்டுபோய் விடவில்லை. தகப்பன் மறுகலியாணம் செய்து வவுனியாப் பக்கம் இருக்கிறார். பிழையான மனிதர் இல்லை. நாங்கள் வெளிக்கிட்டபோது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகச் சம்மதம் என்று சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைத்துத் தந்தார். இங்கே வந்து அகதிக் கோரிக்கை கொடுத்தபோது லோயரிடம் எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னோம். அவளுக்குத் தனி ஃபைல். அதில் நான் சிறியதாய், பொறுப்பாளர் என்று இருக்கிறது.

அவள் என்னை அதுவரை சின்னம்மா என்றுதான் கூப்பிடுவாள். தாயின் படம் வீட்டில் இருக்கிறது. ஒன்றையும் மறைத்து வளர்க்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போன நாள் ஆவணி மாதக் கடைசி, நல்ல வெக்கை. பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டில் இருந்து ஐந்து நிமிட நடை. கோயிலில் பழகிய அண்ணை ஒருவர் மொழிபெயர்க்க வந்தார். இருபது வருடத்துக்கு மேல் இங்கே டாக்சி ஓட்டுகிறவர், பிரெஞ்சு சரளம். நான் வாசலில் நின்று தயங்குவதைக் கண்டு சொன்னார்.

"ஏன் நடுங்கிறீர்? இது பொலிஸ் இல்லை, பள்ளிக்கூடம். கடிக்கமாட்டினம்."

பிள்ளைகள் இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அலுவலகத்தில் ஒரு மேசை மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அது எங்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம் பேப்பர்கள் எழும்பும், செக்ரிடரி கையால் அமத்துவா. நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய பெண். கெதியாகப் பேசுவா, ஆனால் முகம் கடுமையில்லை. எங்களுக்கு முன்னால் இரண்டு குடும்பம், பின்னால் நாலைந்து. அவ கணினியில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தா. ஓரிடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்து ஏதோ கேட்டா.

அண்ணை திரும்பினார். "ரெண்டும் உம்மட பிள்ளையள்தானே?"

"ஓம், என்ர பிள்ளையள்தான்" என்றேன்.

அது பொய் என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை. எங்கள் ஆட்களிடம் யாராவது இப்படிக் கேட்டால் வேறு என்ன சொல்வது? பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது, இவள் என்னுடையவள், மற்றது அக்காவுடையது என்று பிரித்துச் சொன்னால், கேட்கிறவர்களே முகத்தைச் சுளிப்பார்கள். சகோதரியின் பிள்ளை தன் பிள்ளைதான். அண்ணை அதைச் செக்ரிடரிக்குச் சொன்னார். எங்கள் வீட்டுக் கதை அவருக்கும் தெரியாது. செக்ரிடரி அடித்தா. இரண்டு பிள்ளைகளுக்கும் தாயின் பெயருக்கான கட்டத்தில் என் பெயர் விழுந்தது. பிறப்புச் சான்றிதழைப் பிறகு கொண்டுவரச் சொன்னா. அது அப்போது மொழிபெயர்ப்புக்குக் கொடுத்திருந்தது.

அவள் தம்பியின் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு என் பின்னால்தான் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். அதை நான் பிறகுதான் அறிந்தேன்.

ஐப்பசியில் ஒருநாள் நான் வேலையால் வரப் பிந்திவிட்டது. எனக்கு ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, கோட்-டெ-நெய்ஜில். பஸ் பிடித்துப் பள்ளிக்கூட வாசலுக்கு ஓடினேன். அவள் இரண்டு சிநேகிதிகளோடு கம்பி வேலியடியில் நின்றாள்.

"அம்மா, இண்டைக்கு லேட்" என்றாள்.

நான் அவளுடைய பையை வாங்கித் தோளில் போட்டேன். அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் அப்படிக் கூப்பிடுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த கிழமை வீட்டிலும் கூப்பிட்டாள். குசினியில் நான் பருப்பு அவித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்து, "அம்மா, கத்தரிக்கோல் எங்கை?" என்றாள். மேசை லாச்சியில் என்றேன். சந்தோஷப்பட்டேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பருப்புக்கு உப்புப் போட்டதை மறந்து இரண்டாம் தரமும் போட்டேன். இரவு என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னப்பா, கடலையே அள்ளிக்கொண்டு வந்தனீர்?" என்றார்.

அவரை அவள் அப்போதும் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டாள். மாறியது எனக்கு மட்டும்தான்.

மகன் விடவில்லை. "அவ என்ர அம்மா. உனக்குச் சின்னம்மா" என்று சண்டைக்குப் போனான்.

அவள் படிப்பதில் இருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். "பள்ளிக்கூடத்தில போய்க் கேள். கொம்பியூட்டரில இருக்கு."

"பொய்."

"போய்க் கேளன், மொக்கு."

அவன் போய்க் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் அவனுக்கும் பழகிவிட்டது. நான் அவரிடம் சொன்னபோது, "விடும், ஒரு சொல்லுத்தானே" என்றார். அவர் டவுன்டவுனில் ஒரு உணவகக் குசினியில் வேலை, கதைக்க நேரம் இல்லை. நானும் விட்டுவிட்டேன்.

மொழிபெயர்ப்பு மார்கழியில் வந்தது. லோயருக்கு ஒரு பிரதி கொடுத்தேன். பள்ளிக்கூடத்துக்கான பிரதி என்னிடம் இருந்தது. அதில் தாயின் பெயர் என்ற இடத்தில் என் அக்காவின் பெயர் பிரெஞ்சு எழுத்தில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் இருந்து அவளுடைய பையில் ஒரு துண்டுக் கடிதம் வந்தது, சான்றிதழ் இன்னும் வரவில்லை என்று. நாளைக்குக் கொடுப்போம் என்று வைத்தேன். மாசியில் இன்னொரு துண்டு வந்தது. அதில் கையெழுத்து மட்டும் வைத்து அனுப்பினேன். பிறகு அவர்கள் கேட்கவில்லை. சான்றிதழ் பெரிய சூட்கேசின் உள்பைக்குள் கிடந்தது. குளிர் உடுப்பு எடுக்கத் திறக்கும்போது கையில் தட்டுப்படும். திருப்பி உள்ளே தள்ளிவிடுவேன்.

சேர்க்கிற அன்று நான் சொன்னதை வழக்கம் என்று சொல்லலாம். இதை வழக்கம் என்று சொல்ல முடியாது.

எங்கள் அகதிக் கோரிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். அதற்கே இரண்டு வருடம் பிடித்தது. பிறகு நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்தோம். எங்கள் மூன்று பேருக்கும் ஒரு விண்ணப்பம், அவளுக்குத் தனி விண்ணப்பம். இரண்டும் சேர்ந்து போகவேண்டும் என்று லோயர் கவனமாக ஒரே நாளில் அனுப்பினார். அதன் பிறகு காத்திருப்பது. காத்திருப்பதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வேலை அனுமதியைப் புதுப்பிப்பது, மருத்துவ அட்டை முடிந்தால் திரும்ப எடுப்பது, தபால் பெட்டியைத் திறந்து மூடுவது. குளிர் வரும், போகும். பிள்ளைகளின் சப்பாத்து அளவு மாறும்.

போன தை மாதம் லோயர் ஒஃபிசில் இருந்து அழைப்பு வந்தது. அங்கே ஒரு இளம் தமிழ்ப் பிள்ளை வேலை செய்கிறா, இங்கேயே பிறந்தவ. எங்கள் மூத்தவளின் ஃபைலுக்கு மட்டும் சில பேப்பர் கேட்டிருக்கிறார்கள் என்றா. பிள்ளை யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதற்கு ஆதாரம், தகப்பனின் சம்மதக் கடிதம், பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு கடிதம். முப்பது நாளுக்குள் கொடுக்கவேண்டும்.

பள்ளிக்கூடக் கடிதம் எடுப்பது சுகமாக இருந்தது. போய்க் கடிதம் என்று சொன்னேன், அதே நரைத்த செக்ரிடரி ஐந்து நிமிடத்தில் அச்செடுத்து முத்திரை குத்தித் தந்தா. நான் வாசித்துப் பார்க்கவில்லை. வாசித்தாலும் பாதிதான் விளங்கியிருக்கும். அடுத்த நாள் லோயர் ஒஃபிசில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பிள்ளை வாசித்துவிட்டுத் திரும்பவும் வாசித்தா.

"அன்ரி, இதில நீங்கள் தாய் எண்டு போட்டிருக்கு."

"ஓம்."

"எங்கட ஃபைலில நீங்கள் சின்னம்மா."

"ஓம் பிள்ளை."

"அன்ரி, விளங்குதோ? அங்க ஒரு கதை, இஞ்ச ஒரு கதை. ஒஃபிசர் எது பொய் எண்டுதான் கேப்பார்."

"ரெண்டும் பொய் இல்லை."

அவ பேனையைக் கீழே வைத்தா. "எனக்கு விளங்கும். என்னை வளர்த்தது என்ர பெரியம்மா. ஆனா அவைக்கு விளங்காது. பிள்ளையை வேற ஆற்றையோ பேரில கொண்டுவந்திருக்கினமோ எண்டு யோசிப்பினம். உங்கட மூண்டு பேரின்ர ஃபைலும் போகும், பிள்ளையின்ர நிண்டுபோகும். அதுதான் பயம்."

நிண்டுபோனால் என்ன நடக்கும் என்று நான் கேட்கவில்லை.  பக்கத்தில் இருந்த பிரிண்டர் தானாக ஒருமுறை சத்தம்போட்டு நின்றது.

"பள்ளிக்கூடத்தில திருத்தச் சொல்லுங்கோ. பிறப்புச் சான்றிதழைக் காட்டினா செய்வினம். புதுக் கடிதம் கொண்டுவாங்கோ, நான் அண்டைக்கே அனுப்புறன்." பிறகு கேட்டா: "பிள்ளையோட கதைச்சிட்டீங்களோ?"

"கதைப்பன்" என்றேன்.

கதைக்கவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. பிள்ளை அறியாமலே இந்த வேலையை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். தாள் மாறட்டும், வீட்டில் எல்லாம் இருந்தபடி இருக்கட்டும். டாக்சி அண்ணைக்கு அழைத்தேன். அவருக்கு முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து படுத்திருந்தார். "போனைக் குடும், நான் போனில சொல்லுறன்" என்றார். அவரிடம் விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அவர்தானே அன்றைக்கு மொழிபெயர்த்தவர், தன்னால் வந்த பிழை என்று நினைப்பார். பரவாயில்லை அண்ணை, நான் சமாளிக்கிறன் என்று வைத்துவிட்டேன். கையடக்கத் தொலைபேசியில் தமிழில் சொன்னால் பிரெஞ்சில் பேசும் வசதி இருக்கிறதே, அதில் செய்யலாம் என்று இருந்தேன். வேலையிடத்தில் துடைப்பம் பிடித்தபடியே ஒரு வசனத்தைச் சொல்லிப் பழகினேன். இந்தப் பிள்ளையின் தாய் என் அக்கா, நான் சிறியதாய், தயவுசெய்து திருத்தித் தாருங்கள்.

ஒரு வியாழக்கிழமை வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பத்து மணிபோல் போனேன். வெளியே முதல்நாள் கொட்டின ஸ்நோவைத் தள்ளிக் குவித்திருந்தார்கள். அலுவலகத்துக்குள் ரேடியேட்டர் கொதித்தது. நான் தொலைபேசியை நீட்டி வசனத்தைச் சொன்னேன். அது என்ன மொழிபெயர்த்ததோ தெரியாது, செக்ரிடரி அதைக் கேட்டுவிட்டு, "உங்கள் அக்கா இங்கே வந்திருக்கிறாவா?" என்பதுபோல் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தா. திரும்பவும் சொன்னேன்.  சான்றிதழையும் தகப்பனின் கடிதத்தையும் மேசையில் விரித்து வைத்து விரலால் காட்டினேன். அவ கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, கையைக் காட்டிப் பொறுங்கள் என்றா. பிறகு சுவரில் இருந்த பொத்தானை அமத்தி ஏதோ சொன்னா. அதில் வகுப்பு நம்பரும் அவளுடைய பெயரும் மட்டும் எனக்கு விளங்கியது.

வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பிரெஞ்சில் தெரியும். நோ என்றால் ஆங்கிலத்திலும் விளங்கும். நான் சொல்லவில்லை. இங்கே எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இதுதான் வழமை. தாய் தகப்பனுக்கு விளங்காவிட்டால் பிள்ளையை வகுப்பில் இருந்து கூப்பிடுவார்கள். அவள் எனக்காக எத்தனையோ தரம் இப்படி வந்து நின்றிருக்கிறாள். தடுப்பூசிக்கு, தம்பி விழுந்து பல் உடைத்ததற்கு.

வகுப்புச் சப்பாத்தோடு வந்தாள். நாடா ஒன்று அவிழ்ந்திருந்தது. இப்போது என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள்.

"என்ன அம்மா? தம்பிக்கு ஏதுமோ?"

"இல்லை. ஒரு பேப்பர் விஷயம்."

"என்ன சொல்லோணும்?"

பழகின வசனம் எனக்கு வரவில்லை. "லோயர் கேக்கிறா. இவை இதில பிழையா எழுதிப்போட்டினம் எண்டு சொல்லு" என்றேன். அந்த இடத்திலும் பிழையை அவர்கள் தலையில்தான் போட்டேன்.

"என்ன பிழை?"

நான் சான்றிதழைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். எடுத்து வாசித்தாள். பிரெஞ்சில் இருந்ததால் என்னைவிட வேகமாக வாசித்தாள். ஒரு இடத்தில் நிறுத்தினாள். பிறகு தாளின் மேல்மூலையில் மொழிபெயர்ப்பாளர் போட்ட தேதியைப் பார்த்தாள்.

"இது வந்த வருஷமே எடுத்ததோ?"

"ஓம்."

"வீட்டிலயே இருந்தது?"

"ஓம்."

அவள் தாளை மேசையில் வைத்தாள். செக்ரிடரியின் பக்கம் திரும்பிக் கதைக்கத் தொடங்கினாள். நல்ல பிரெஞ்சு, அந்தப் பெண் பேசுகிற மாதிரியே இழுத்துப் பேசுகிற பிரெஞ்சு. என்னைக் கையால் காட்டி, மா தாந்த் என்றாள். எனக்கு அந்தச் சொல் தெரியும், என் சின்னம்மா. செக்ரிடரி என்னைப் பார்த்தா, அவளைப் பார்த்தா, மெதுவாக ஒரு கேள்வி கேட்டா. அவள் ஒரே சொல்லில் பதில் சொன்னாள். அந்தச் சொல்லும் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கட்டிலைத் துடைத்து வெறுமையாக்கச் சொல்லும்போது, காரணம் சொல்வதற்கு நேர்ஸ்மார் பாவிக்கிற சொல். இறந்துவிட்டா. அவள் அதை எப்போது, எந்த வகுப்பில் படித்தாள் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

செக்ரிடரி கணினிப் பக்கம் திரும்பினா. அடித்ததை அழிக்கும் விசை டிக் டிக் என்று கேட்டது. என் பெயரில் எத்தனை எழுத்து என்று எனக்குத் தெரியும். முடியும்வரை எண்ணினேன். அந்தக் கட்டத்தில் அக்காவின் பெயரைச் சான்றிதழைப் பார்த்துப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக அடித்தா. பிறகு கீழே இன்னொரு கட்டத்தைத் திறந்து என் பெயரை அங்கே போட்டா. தொலைபேசி நம்பர் அதேதானா என்று கேட்டா. அதேதான் என்று அவள் சொன்னாள். விலாசம்? அதேதான். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது? அவள் என்னைக் காட்டினாள்.

புதுக் கடிதம் வந்தது. முத்திரை குத்தினா. திருத்தம் கேட்டது நான்தான் என்று ஒரு தாளில் கையெழுத்து வைக்கச் சொன்னா. அவள் விரலால் இடத்தைக் காட்டினாள். "இதில. டுட்ரிஸ் எண்டு போட்டிருக்கிறதுக்குப் பக்கத்தில." பொறுப்பாளர் என்று அர்த்தம். வைத்தேன்.

"முடிஞ்சுதோ?" என்றாள். "எங்களுக்கு மாத்ஸ் டெஸ்ட்."

"முடிஞ்சுது. போ."

செக்ரிடரி பிந்திப் போவதற்கான துண்டை எழுதிக் கொடுத்தா. அதோடு மேசையில் இருந்த போத்தலைத் திறந்து ஒரு மிட்டாயும் கொடுத்தா. அவள் மெர்சி என்று வாங்கினாள். கதவடியில் குனிந்து நாடாவைக் கட்டினாள். பிறகு நடைகூடத்தில் அவளுடைய சப்பாத்துச் சத்தம் கேட்டது, ஓடவில்லை, நடந்துதான் போனாள்.

நான் அக்காடி மெட்ரோவுக்கு நடந்தேன். இறங்க மறந்து ஒரு நிலையம் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். லோயர் ஒஃபிசில் அந்தப் பிள்ளை கடிதத்தை வாசித்து, ஸ்கேன் பண்ணி, எனக்கு முன்னாலேயே அனுப்பினா.

"சரி அன்ரி. இப்ப எல்லாம் பொருந்துது. இனி வெயிட் பண்ணுறதுதான்."

"தேங்க்ஸ் பிள்ளை."

"பிள்ளை ஏதும் சொன்னவவோ?"

"இல்லை. நல்லாச் சொன்னா. பிரெஞ்சில எல்லாம் சொன்னா" என்றேன். அவ தலையை ஆட்டினா.

அன்று பின்னேரம் வீடு வழமைபோலத்தான் இருந்தது. மகன் ஒரு காலுறையோடு ஓடித் திரிந்தான். அவள் மேசையில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். மாத்ஸ் டெஸ்ட் எப்படி என்று கேட்டேன். பரவாயில்லை என்றாள். மிட்டாயைத் தம்பிக்குக் கொடுத்திருந்தாள், அதன் கடதாசி நிலத்தில் கிடந்தது. சோறும் மீன்குழம்பும் போட்டுக் கொடுத்தேன். முழுவதும் சாப்பிட்டாள். கோப்பையைக் கழுவி வைத்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"கோவமோ?"

"இல்லை."

"பேப்பருக்காகத்தான். உன்ர ஃபைல் தனிய நிண்டுபோயிடும் எண்டு சொல்லிச்சினம்."

"தெரியும்" என்றாள். "நான்தானே அங்க சொன்னன்."

 அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். நான் அடுப்பைத் துடைத்தேன். பிறகு சூட்கேசைத் திறந்து, சான்றிதழை உள்பைக்குள் வைக்காமல், மற்றப் பேப்பர்களோடு லாச்சிக்குள் வைத்தேன். அவர் வேலையால் வந்து, அலுவல் முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றேன். நல்லது என்றார்.

இதை எழுதும் வரைக்கும் எங்களுடைய முடிவும் வரவில்லை, அவளுடையதும் வரவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் நிற்கின்றன. ஆகையால் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, பிறப்புச் சான்றிதழை முதல் நாளே கொடுத்துவிடுங்கள் என்பதுதான்.

அந்த வியாழனுக்கு அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. மைனஸ் பதினெட்டு என்று காட்டியது. மகன் ஒரு கையுறையைத் தொலைத்துவிட்டு நின்றான், அதைத் தேடியதில் பத்து நிமிடம் போனது. அவள் வாசலில் இருந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, "சின்னம்மா, என்ர சாப்பாட்டுப் பெட்டி எங்கை?" என்று கேட்டாள். மேசையில் என்றேன். எடுத்துக்கொண்டு தம்பியோடு போனாள். நான் கதவைப் பூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.